முப்பத்தேழு சாம்பல் கட்டங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் கணினிப் பிரிவின் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அவசரம் தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் மேசைப் பெட்டியில் ஒரு தாள் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காது. தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்பது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கணினிக் கணக்குத் திறப்பது, விலகிப் போனவர்களின் கணக்கை மூடுவது என்று எந்த வேலை வந்தாலும் சுடச்சுட முடித்துவிடுவார். ஐம்பத்தாறு வயதில் அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் கம்பெனியே அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவிக்குப் பெயர் 'நிதானம்'. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

"மேடம், இது சாதாரணக் கோளாறு இல்ல. யாரோ வேணும்னே பண்ண வேலை," என்றார் மேலாளர்.

"உட்காருங்க சார். முதல்லேர்ந்து சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? நம்ம அலமாரில முப்பத்தேழு படம் காணோம்!"

அலமாரி என்பது அந்தக் கம்பெனியின் மென்பொருள் அலமாரி. எடைபோடும் கருவிகள் செய்கிற கம்பெனி அது. எந்தக் கணினியை எழுப்பினாலும் முதலில் திரையில் வருவது அலமாரிதான். கட்டம் கட்டமாக இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். வேண்டியதைத் தொட்டால் அந்த மென்பொருள் தானாகவே கணினியில் வந்து உட்காரும். யாரையும் கெஞ்ச வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர்கள் மென்பொருளின் பெயரைப் படித்துத் தேடிக்கொள்வார்கள். ஆனால் கிடங்கில் வேலை செய்பவர்கள் ஏழெட்டு மொழிக்காரர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர்கள் வாயிலேயே நுழையாது. 'நீலத் தராசைத் தொடு, சிவப்புப் பெட்டியைத் தொடு' என்று படத்தை வைத்துத்தான் அங்கே வேலை நடக்கும். போதாததற்கு, கிடங்குக் கணினிகள் பொதுக் கணினிகள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் பழையதெல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாக எழும். தேவையானதை ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நேத்துக் காலைல வந்து பார்த்தா முப்பத்தேழு கட்டம் வெறும் சாம்பல் நிறமா இருக்கு," என்று மேலாளர் தொடர்ந்தார். "கிடங்குல ஒருத்தன் குத்துமதிப்பா ஒண்ணைத் தொட்டிருக்கான். அது சீட்டு அடிக்கிற வேற ஏதோ மென்பொருள். புத்தம்புதுத் தராசு இருநூறுக்கும் 'பழுதானது'ன்னு சீட்டு ஒட்டி லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க. வாங்கினவர் ஃபோன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டார்."

அவசரத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுவது போல நடித்துச் சமாளித்தார்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் நிதானம்.

"சந்தேகம் என்ன, தெளிவாத் தெரியுது. பொட்டலம்தான்."

மென்பொருளை அலமாரிக்கு ஏற்றபடி மடித்துக் கட்டிக் கொடுக்கிற ஒப்பந்த ஊழியர் அவள். முப்பது வயது இருக்கும். அந்த வேலையால்தான் 'பொட்டலம்' என்ற பெயர் வந்தது. மேலாளர் விரல்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு, அலமாரியோட சாவிச்சொல் அவ கிட்ட மட்டும்தான் இருந்தது. ரெண்டு, சனிக்கிழமை யாருமே இல்லாதப்போ மூணு மணி நேரம் தனியா வந்து இருந்திருக்கா, வாசல் பதிவுல இருக்கு. மூணு, எல்லார் கம்ப்யூட்டர்லயும் படம் போயிருக்கு, அவ கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணு விடாம இருக்கு! வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறது சந்தேகம்னு அவகிட்ட சொன்னேன். தான் இல்லைன்னா எதுவும் நடக்காதுன்னு காட்டறதுக்காக அவளே கெடுத்து வச்சிருக்கா. இன்னிக்கு நாலு மணியோட ஒப்பந்தம் முடியுது. கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க ஒரு அறிக்கை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

"எந்தப் படம் எங்க இருக்குன்னு குறிச்சிருக்கற அலமாரியோட உள்பதிவைத் திறந்து பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்கறது? அவ சாவிச்சொல்லை நேத்தே ரத்து பண்ணிட்டேன். புதுசு தலைமை அலுவலகத்துலேர்ந்து மூணு மணிக்குத்தான் வரும்."

"சரி. மூணரை மணிக்கு உங்க அறைக்கு வர்றோம்," என்றார் நிதானம்.

மேலாளர் போனதும் அவசரம் பரபரத்தார். "மேடம், மூணு காரணமும் கச்சிதமாப் பொருந்துதே! அவளேதான்."

"பொருந்துது அண்ணா. ரொம்பப் பொருந்துது. வாங்க, அவளைப் பார்த்துட்டு வரலாம்."

*

பொட்டலத்தின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவள் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நான் பண்ணலை மேடம். வேலை போனா வேற தேடிக்குவேன். ஆனா வேணும்னே கெடுத்துட்டுப் போனவன்னு பேர் வந்தா, எந்தக் கம்பெனில என்னைச் சேர்த்துக்குவாங்க?"

"சனிக்கிழமை எதுக்கு வந்தே?"

"புதுசா ரெண்டு மென்பொருளைக் கட்டி, சோதிச்சுப் பார்த்தேன். என் கம்ப்யூட்டர்ல எல்லாப் படமும் இருந்துச்சு. அதனால எனக்கு ஒண்ணுமே தெரியலை."

நிதானம் அவளுடைய கணினித் திரையைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் பளிச்சென்று இருந்தன. பிறகு திரையின் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார். 'அணைக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"இது எதுக்கு?"

"சில பொட்டலம் கட்ட ஒரு நாள் முழுக்க ஆகும் மேடம். நடுவுல அணைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் தானா அணைஞ்சு எழும் இல்லையா, அதுலேர்ந்து இதுக்கு மட்டும் விலக்கு வாங்கி வச்சிருக்கேன். மூணு வாரமா அணைக்கலை."

"காணாமப் போன முப்பத்தேழுல நீ வச்ச படம் எத்தனை?"

பொட்டலம் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். காணாமல்போனவற்றின் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை விரலால் தடவினாள்.

"ஒண்ணு கூட இல்ல மேடம். இதெல்லாம் நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாடி வெளியாளுங்க வந்து ரெண்டே வாரத்துல அலமாரியைக் கட்டிக் குடுத்துட்டுப் போனாங்களாம். கிடங்குக்கான படமெல்லாம் அப்போ வச்சதுதான்."

வெளியே வந்ததும் நிதானம் கேட்டார்: "அண்ணா, இந்தக் கம்பெனில அணைக்கவே அணைக்காத கம்ப்யூட்டர் வேற எது?"

"வாசல் காவலர்கிட்ட இருக்கறது. ராத்திரி பகல் ஓடும். அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

"தெரியலை. பார்ப்போம்."

வாசல் காவலர் தன் கணினியை இத்தனை பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பதில் மகிழ்ந்துபோய் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். திரையில் அலமாரி திறந்தே இருந்தது. அவசரம் குனிந்து எண்ணினார். நம்ப முடியாமல் இன்னொரு முறை எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. சாம்பல் கட்டம் ஒன்று கூட இல்லை.

"மேடம்! அப்போ அவ கம்ப்யூட்டர்ல மட்டும்னு சொன்னது பொய்யாப் போச்சே!"

"சார் பொய் சொல்லலை. வாசல்ல வந்து பார்க்கத் தோணலை, அவ்வளவுதான். ஒரு கம்ப்யூட்டர் படத்தை ஒரு தரம் பார்த்துட்டா, பிரதி ஒண்ணைத் தனக்குன்னு வச்சுக்கும். அணைச்சு எழுப்பும்போதுதான் மறுபடி போய்த் தேடும். இந்த ரெண்டும் இன்னும் தேடிப் போகலை. பழைய ஞாபகத்துல இருக்கு."

அவசரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருட வேலையில் பிரிண்டரில் தாள் சிக்கியதைத் தவிர வேறு மர்மத்தை அவர் பார்த்ததில்லை. "அப்போ ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தான் தெரிய வரும். ஆனா படம் போனது எப்போ?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காத கம்ப்யூட்டர் எது?"

"கிடங்கு!" என்று கத்திவிட்டு அவசரம் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நிதானம் பின்னால் தன் போக்கில் நடந்து வந்தார்.

*

கிடங்கில் காலை எட்டுக்கு ஒரு ஷிஃப்ட், மாலை ஆறுக்கு லாரி ஏற்றும் ஷிஃப்ட். சீட்டு விவகாரத்தை விசாரிக்க மாலை மேற்பார்வையாளரையும் அன்று காலையிலேயே வரவழைத்திருந்தார்கள். ஆஜானுபாகுவான மனிதர். தூக்கம் கெட்ட எரிச்சல் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"எங்க ஷிஃப்ட்ல ஒரு சீட்டு கூடத் தப்பா போகலை. காலை ஷிஃப்ட்காரங்க பண்ணதுக்கு நான் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கணும்?" என்றார்.

"உங்க ஷிஃப்ட்ல படம் இருந்துச்சா?" என்று கேட்டார் நிதானம்.

"எங்க இருந்துச்சு? பசங்க திருதிருன்னு முழிச்சாங்க. நானே வரிசையை ஞாபகம் வச்சு, எந்தக் கட்டம் எதுன்னு எழுதிக் குடுத்தேன்."

தன் பூட்டுப்பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பெட்டி ஒன்றிலிருந்து கிழித்த அட்டை. கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் தராசு, லாரி, பெட்டி என்று கோணல்மாணலாக வரைந்திருந்தது. லாரி கிட்டத்தட்ட ஆடு மாதிரி இருந்தது. மூலையில் கிடங்கு வழக்கப்படி தேதியும் நேரமும் குறித்திருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை 6.10.

அவசரம் அதை உரக்கப் படித்தார். "வெள்ளிக்கிழமையா! அவ தனியா வந்தது சனிக்கிழமைதானே!"

"வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட்ல?" என்று நிதானம் கேட்டார்.

"எட்டு மணிக்கு எழுப்பினப்போ எல்லாம் நல்லாதான் இருந்துச்சாம். கேட்டுட்டேன்."

"ஏன் உடனே எங்ககிட்ட சொல்லலை?" என்றார் அவசரம்.

"நல்லாக் கேட்டீங்க!" மேற்பார்வையாளர் அவசரத்தை முறைத்தார். "ஆறு அஞ்சுக்கு உங்க நம்பருக்கு ரெண்டு தரம் ஃபோன் பண்ணேன். யாரும் எடுக்கலை. அப்புறம் ஷிஃப்ட் முடிஞ்சதும் அட்டையைப் பூட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சனி ஞாயிறு கிடங்கு லீவு."

அவசரத்தின் முகம் வாடிவிட்டது. அவர் எடுக்காத தொலைபேசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அவமானம்.

திரும்பி நடக்கும்போது நிதானம் கேட்டார்: "வெள்ளிக்கிழமை எட்டுலேர்ந்து ஆறுக்குள்ள இந்தக் கம்பெனில என்ன நடந்துச்சு அண்ணா? பெருசோ சின்னதோ, எல்லாத்தையும் சொல்லுங்க. நான் அன்னிக்கு லீவு."

"ஒண்ணும் விசேஷமா நடக்கலை மேடம். வரைபடப் பிரிவுல எறும்புக்கு வழியனுப்பு விழா நடந்துச்சு, அவ்வளவுதான். அஞ்சரைக்குக் கேக் வெட்டினாங்க. அதான் ஃபோன் எடுக்கலை." அவசரம் குற்ற உணர்ச்சியோடு தொடர்ந்தார். "அந்தக் குட்டிப் பொண்ணு, தன்னைவிட ரெண்டு மடங்கு நீளச் சுருளைத் தூக்கிட்டுத் திரியுமே, அதான் எறும்புன்னு கூப்பிடுவோம். நம்ம போட்டிக் கம்பெனில சேர்ந்துட்டா. சாருக்கு அதுல செம கோபம். கேக் மேல கிரீம்ல ஒரு எறும்பு போட்டிருந்தாங்க. கையில இருந்த வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் போனேன். கடைசியா போயும் எறும்போட தலை எனக்குத்தான் கிடைச்சுது."

நிதானம் நடையை நிறுத்தினார். எதுவோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவசரத்தின் முகத்தையே பார்த்தார்.

"அண்ணா, ஒரு உதவி. பொட்டலத்தோட கம்ப்யூட்டர்ல அந்த முப்பத்தேழு படத்தையும் உங்க ஃபோன்ல படம் பிடிங்க. ஒவ்வொண்ணா, நல்லாப் பெருசாக்கி மூலை முடுக்கெல்லாம் பாருங்க. நான் மேல இருக்கேன்."

*

அவசரம் உற்சாகமாகத்தான் தொடங்கினார். நீலத் தராசு. சிவப்புப் பெட்டி. பச்சை லாரி. மற்ற படங்கள் எல்லாம் அந்தந்த மென்பொருள் கம்பெனியின் வழவழப்பான சின்னங்கள். இந்த முப்பத்தேழு மட்டும் கையால் வரைந்தவை என்பது பெருசாக்கினால்தான் தெரிந்தது. கிடங்குக்காரர்கள் கேட்டதற்காக யாரோ உட்கார்ந்து அக்கறையாக வரைந்திருக்கிறார்கள்.

நான்காவது படத்தில்தான் அவர் அதைக் கவனித்தார். வலது கீழ் மூலையில் ஒரு கரும்புள்ளி. தூசி என்று நினைத்துத் திரையைத் துடைத்தார். போகவில்லை. இன்னும் பெருசாக்கினார். மூன்று உருண்டை, ஆறு கால், இரண்டு மீசை.

அதே எறும்பு. கேக்கில் பார்த்த எறும்பு.

முதல் படத்துக்குத் திரும்பிப் போனார். அங்கும் இருந்தது. ஐந்தாவதில், பதினேழாவதில், முப்பத்தேழாவதில் என்று எல்லாவற்றிலும் இருந்தது. அவசரத்துக்கு ஒரு கணம் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கண்டுபிடித்துவிட்டோம்! அடுத்த கணம் இன்னொன்று நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு அவர் பெட்டியில் ஒரு தாள் விழுந்திருந்தது. எறும்பின் விலகல் படிவம். கணக்கையும் கோப்புறையையும் மூடச் சொல்லிக் கீழே மேலாளரின் கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் 'உடனே'. வழக்கமாக ஒருவர் போன பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் மூடுவார்கள். அதற்குள் அவருடைய கோப்புறையில் யாருக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளலாம். அவசரம் யாரையும் கேட்கவில்லை. ஒரு விசையைத் தட்டி மூடிவிட்டு, கேக் தீர்ந்துவிடப் போகிறதே என்று ஓடினார்.

பொட்டலம் பின்னால் நின்று கேட்டாள்: "ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"பார்த்துட்டு இருக்கேன்மா," என்றார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கூட வாங்காதவர். மேடத்துக்கு எறும்பைப் பற்றி மட்டும் சொல்லி, படிவத்தைப் பற்றி வாயே திறக்காமல் விட்டுவிட்டால்? எறும்பு போட்டிக் கம்பெனிக்குப் போனவள். போகிற போக்கில் அவளே அழித்துவிட்டாள் என்று மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

மூன்றரை மணிக்கு மேலாளர் அறையில் ஐந்து பேர் கூடினார்கள். பொட்டலம் கதவோரம் நின்றாள். மேற்பார்வையாளர் தன் அட்டையை மடியில் வைத்திருந்தார். மேசையில் கையெழுத்தாகாத ஒப்பந்தம் கிடந்தது.

"சார், மூணு காரணம் சொன்னீங்க," என்று நிதானம் ஆரம்பித்தார். "அவ கம்ப்யூட்டர்ல மட்டும் படம் இருக்குன்னீங்க. வாசல்லயும் இருக்கு. ரெண்டுமே அணைக்காத கம்ப்யூட்டர், பழைய பிரதியைக் காட்டுது. சனிக்கிழமை தனியா வந்தான்னீங்க. இந்த அட்டையைப் பாருங்க, வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்கே படம் இல்ல."

மேலாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, ஆடா?"

"லாரி," என்றார் மேற்பார்வையாளர் கடுப்பாக.

"மூணாவது, சாவிச்சொல் அவகிட்ட மட்டும்தான்னு சொன்னீங்க. அலமாரியைத் தொடாமலே படத்தைக் காணாமப் பண்ண முடியும். படத்தை ரெண்டு விதமா வைக்கலாம். படத்தையே அலமாரிக்குள்ள வைக்கலாம். இல்லைன்னா, 'படம் இன்னார் வீட்டுல இருக்கு, போய்ப் பார்த்துக்கோ'ன்னு விலாசத்தை மட்டும் எழுதி வைக்கலாம். இந்தப் பொண்ணு வச்ச நூத்தி எழுபத்தஞ்சும் உள்ள இருக்கு. அதுல ஒண்ணும் போகலை. முன்னாடி வந்த வெளியாளுங்க, அவசரத்துல, விலாசம் மட்டும் எழுதிட்டுப் போயிட்டாங்க. மூணு மணிக்குப் புதுச் சாவிச்சொல் வந்ததும் திறந்து சரிபார்த்துட்டேன். முப்பத்தேழுக்கும் ஒரே விலாசம். வரைபடப் பிரிவுல எறும்போட கோப்புறை."

"பார்த்தீங்களா!" மேலாளர் மேசையைத் தட்டினார். "எனக்கு அப்பவே தெரியும். போறப்போ அழிச்சுட்டுப் போயிருக்கா!"

நிதானம் எதிரில் இருந்த தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தார். சுவரில் கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. பொட்டலம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அவசரம் எழுந்து நின்றார்.

"அவ அழிக்கலை சார். கோப்புறையை மூடினது நான்தான்."

அவர் மேலாளரை நேராகப் பார்த்துத் தொடர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு இருபதுக்கு. ஒரு வாரம் வச்சிருந்து, நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் மூடணும். நான் கேட்கலை. கேக் சாப்பிட ஓடினேன். அதனாலதான் இவர் ஃபோனையும் எடுக்கலை. பொட்டலம் மேல ஒரு தப்பும் இல்ல, எறும்பு மேலயும் இல்ல. எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

"யாரைக் கேட்டு நீங்க உடனே..." என்று மேலாளர் சீறத் தொடங்கினார்.

நிதானம் கோப்பிலிருந்து விலகல் படிவத்தை எடுத்து ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்தார். சிவப்பு மையில் எழுதிய 'உடனே' எல்லோருக்கும் தெரிந்தது. மேலாளர் அதைப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்மேலயும் தப்பு இருக்கும்மா," என்று பொட்டலத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஐம்பத்தாறு.

மூடிய கோப்புறை முப்பது நாள் வரை பத்திரமாக இருக்கும். பொட்டலம் முப்பத்தேழு படங்களையும் எடுத்து அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டாள். ஆறு மணிக்குக் கிடங்குக் கணினிகள் எழுந்தபோது அவசரமும் அங்கே போய் நின்றார். நீலத் தராசு வந்ததும் ஏழெட்டு மொழியில் ஒரே கூச்சல். மேற்பார்வையாளர் தன் அட்டையைக் கிழிக்கப் போனார். அவசரம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் நிதானத்திடம் கேட்டார்: "மேடம், உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க கேக்கைப் பத்திச் சொன்னப்போ சந்தேகம். படிவத்தைப் பார்த்ததும் நிச்சயம்."

"அப்புறம் ஏன் நீங்களே சொல்லலை? நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு அண்ணா," என்றார் நிதானம். "உங்க பெட்டில எதுவும் அவ்வளவு நேரம் தங்காதே."